மேற்படிப்பு விண்ணப்பத்துக்காகப் பழைய பேராசிரியர்களை நேரில் சந்தித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் பொறியியல் பட்டமோ அறிவியல் பட்டமோ பெற்று, சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ எம்.எஸ். அல்லது பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கும் பழைய மாணவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எழுதுபவர் சிவில் துறை ஆசிரியர். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர். எடுத்துக்காட்டுகள் சிவில் துறையை ஒட்டியே வருவதற்கு அதுதான் காரணம். சொல்லப்படும் நடைமுறை பிற துறைகளுக்கும் பொருந்தும்.

மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கேட்டாலே கடிதம் கிடைத்துவிடும் அல்லவா? நேரில் போக வேண்டிய அவசியம் என்ன?

கடிதம் கிடைத்துவிடும். எத்தகைய கடிதம் கிடைக்கும் என்பதுதான் வேறுபடும். ஓர் ஆசிரியர் ஆண்டுதோறும் இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஒவ்வொரு வகுப்பிலும் அறுபது பேர் இருக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் படித்த ஒருவரின் பெயரை மின்னஞ்சலில் பார்க்கும்போது, முகம் நினைவுக்கு வந்தாலும் அவர் என்ன செய்தார் என்பது நினைவுக்கு வருவதில்லை. அந்த நிலையில் எழுதப்படும் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்பில் முதல் பத்துப் பேருக்குள் இருந்தவர்’ என்ற மூன்று செய்திகளுக்கு மேல் எதுவும் இருக்காது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியதைக் கடிதம் திரும்பச் சொல்வதால் தேர்வுக் குழுவுக்கு எந்தப் பயனும் இல்லை.

நேரில் அரைமணி நேரம் பேசினால், ஆய்வகத்தில் நடந்தது, புராஜெக்ட் நேரத்தில் எழுந்த சிக்கல், வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட கேள்வி என ஒவ்வொன்றாக இருவருக்கும் நினைவு வரும். கடிதத்துக்குத் தேவையான சரக்கு அதுதான். மேலும், இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு எந்த ஆசிரியரும் மின்னஞ்சலில் மனம்விட்டுப் பதில் எழுத மாட்டார், நேரில் சொல்வார்.

வெளிநாட்டிலோ வெகுதொலைவிலோ இருப்பவர்களுக்குக் காணொளி அழைப்பு போதும். அதையும் ஒரு சந்திப்பாகக் கருதி, நேரம் கேட்டுப் பெற்று, ஆவணங்களை முன்னதாகவே அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இலையுதிர்காலச் சேர்க்கைக்கு, பிஎச்.டி. விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும், எம்.எஸ். விண்ணப்பங்களுக்கு டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை அது பரவிக் கிடக்கும். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் நவம்பரும் டிசம்பரும் ஒற்றைப்படைப் பருவத் தேர்வு மாதங்கள் என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். செய்முறைத் தேர்வு, உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிவேற்றுதல், தேர்வறைக் கண்காணிப்பு, அதைத் தொடர்ந்து விடைத்தாள் திருத்தும் முகாம் என்று ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. முகாமுக்குப் போனால் காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு திருத்திவிட்டு வீடு திரும்ப இரவாகிவிடும். உங்கள் கடைசித் தேதியும் அவருடைய திருத்தும் முகாமும் ஒரே வாரத்தில் வந்தால், பலியாவது உங்கள் கடிதம்தான்.

ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போவது நல்லது. வகுப்புகள் சீராக நடந்துகொண்டிருக்கும், ஆசிரியர்களும் தங்கள் அறையில் இருப்பார்கள். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை ஊருக்கு வருகிறவர்கள் பலரும் அந்த விடுமுறையோடு இதையும் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். உங்களுக்கு விடுமுறை என்றால் கல்லூரிக்கும் விடுமுறை என்பது அப்போது மறந்துபோகிறது.

ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பவர்களின் கணக்கு வேறு. அங்கே குளிர்காலப் பருவச் சேர்க்கைக்கு ஜூலை 15 பரவலாக அறியப்பட்ட கடைசித் தேதி என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான பல முதுகலைப் படிப்புகள் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் விண்ணப்பத்தை முடித்துக்கொள்கின்றன. அவர்கள் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ கல்லூரிக்குப் போகலாம். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு, அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டிய கல்லூரி ஆவணங்களில் குறை இருந்தால் அதே பயணத்தில் சரிசெய்துகொள்ள முடியும்.

துறைத் தலைவரையும் முதல்வரையும் பார்ப்பதா, பாடம் எடுத்தவரைப் பார்ப்பதா?

உங்களை அறிந்தவரைப் பாருங்கள். பதவி பெரிதாக இருந்தால் கடிதத்துக்கு எடை கூடும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடிதத்தைப் படிக்கும் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நம் கல்லூரி முதல்வர் யார் என்று தெரியாது. ‘இந்த மாணவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் அறிவீர்கள்’ என்பதுதான் விண்ணப்பத் தளத்தில் கடிதம் எழுதுபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. ‘எங்கள் கல்லூரியில் படித்தார்’ என்று முதல்வர் எழுதும் பதிலைவிட, ‘ஓராண்டு இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வழிகாட்டினேன்’ என்று ஓர் உதவிப் பேராசிரியர் எழுதும் பதில் நூறு பங்கு மேலானது.

பல தளங்களில் கடிதத்தோடு ஒரு கட்டப் படிவமும் வரும். சிந்தனைத் திறன், எழுத்துத் திறன், பேச்சுத் திறன், விடாமுயற்சி, பிறரோடு சேர்ந்து உழைக்கும் பண்பு என்று வரிசைகள் இருக்கும். அவற்றுக்கு எதிரே முதல் 1 விழுக்காடு, முதல் 5, முதல் 10, முதல் 25 என்று கட்டங்கள் இருக்கும். கடைசியாக ஒரு கட்டம், ‘கருத்துக் கூறும் அளவுக்குக் கவனிக்க வாய்ப்பில்லை’ என்று இருக்கும். உங்களை வகுப்பறையில் மட்டும் பார்த்த ஆசிரியர், நேர்மையானவராக இருந்தால், பாதி வரிசைகளில் அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் தேர்வு செய்வார். யாரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன், இந்தப் படிவத்தை அவரால் எந்த அளவுக்கு நிரப்ப முடியும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்கும். புராஜெக்ட் வழிகாட்டி ஒருவர், இரண்டு பாடங்களாவது எடுத்தவர் ஒருவர், ஆய்வகத்திலோ கல்லூரிப் போட்டி ஒன்றிலோ உங்களோடு நெருங்கி உழைத்தவர் ஒருவர் என்று மூவர் அமைந்தால் நல்லது. வேலை பார்ப்பவர்கள் எம்.எஸ். விண்ணப்பத்துக்கு மூன்றாவது கடிதத்தைத் தங்கள் மேலாளரிடம் வாங்கலாம். பிஎச்.டி.க்கு மூன்றும் ஆசிரியர்களிடமிருந்து வருவதே நலம்.

ஆசிரியருக்கு என்னை நினைவே இருக்காது என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

நினைவில்லாமல் போவது இயல்பு. அதை நீங்களும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரையும் சங்கடப்படுத்த வேண்டாம். ‘சார், என்னை ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு தண்டனை வேறில்லை. ‘சார், 2021-இல் சிவில் முடித்தேன். ஐந்தாம் செமஸ்டரில் நீங்கள் எங்களுக்கு மண் இயக்கவியல் எடுத்தீர்கள். வண்டலூர் மண் மாதிரியை வைத்து மினி புராஜெக்ட் செய்த குழுவில் நான் இருந்தேன்’ என்று நீங்களே தொடங்கிவிட்டால், அவருக்கு மீதி தானாக நினைவு வரும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா?

ஆம். சொல்லாமல் போனால், ‘சார் லேபில் இருக்கிறார்’, ‘மேடம் ஓ.டி.யில் (அலுவல் பணியாக) வெளியூர் போயிருக்கிறார்’ என்ற பதிலோடு திரும்ப நேரிடும். ஒரு வாரத்துக்கு முன் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பி, எந்தப் படிப்புக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு நேரம் தேவை என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்யும் நாக் அல்லது என்.பி.ஏ. குழு வரும் வாரமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் உங்கள் ஆசிரியர் கோப்புகளுக்கு நடுவே காணாமல் போயிருப்பார். வாயிலில் காவலரிடம் காட்டப் பழைய அடையாள அட்டையோ பட்டச் சான்றிதழின் நகலோ கையில் இருக்கட்டும்; பல கல்லூரிகளில் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே உள்ளே விடுகிறார்கள்.

கையில் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

மதிப்பெண் பட்டியல் நகல், ஒரு பக்கத் தற்குறிப்பு, நோக்க அறிக்கை எனப்படும் எஸ்.ஓ.பி.யின் வரைவு, விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களையும் கடைசித் தேதிகளையும் கொண்ட ஒரு அட்டவணை. இவற்றை எல்லோரும் கொண்டு வருகிறார்கள். எஸ்.ஓ.பி.யை மட்டும் அலைபேசித் திரையில் நீட்டாமல், வரிகளுக்கு இடையே எழுத இடம்விட்டு அச்சிட்டுக் கொடுங்கள். கையில் தாளும் பேனாவும் இருந்தால் திருத்தாமல் விடுகிற ஆசிரியர் எங்கள் தொழிலில் இல்லை.

பெரும்பாலோர் கொண்டு வராதது புராஜெக்ட் அறிக்கை. அட்டை கட்டிய அந்தப் பிரதியையும், பழைய ரெக்கார்டு நோட்டு இருந்தால் அதையும் தேடி எடுத்து வாருங்கள். அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்துக் கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் புராஜெக்ட் ஒன்றை ஒரு மாணவி என்னிடம் செய்திருந்தார். 150 மி.மீ. கனசதுரங்களை வார்த்து, 24 மணி நேரம் கழித்து அச்சிலிருந்து எடுத்து, நீரில் பதப்படுத்தி, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அழுத்திப் பார்க்கும் வழக்கமான வேலைதான். சில ஆண்டுகள் கழித்து எம்.எஸ். விண்ணப்பத்துக்காக வந்தபோது அவர் அறிக்கையைக் கொண்டு வந்திருந்தார். புரட்டிக்கொண்டே போகையில், 28-ஆம் நாள் அட்டவணையின் ஓரத்தில் என் கையெழுத்தில் ‘ஏன் மறுவார்ப்பு?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. மூன்று கனசதுரங்களில் ஒன்றின் வலிமை, சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி அந்த முடிவு செல்லாது. ஒவ்வாத எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவரோ மூன்றையும் தள்ளிவிட்டு, புதிதாக வார்த்து, இன்னொரு 28 நாட்கள் காத்திருந்தார். அச்சு பிரிக்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால் ஆய்வக உதவியாளரிடம் சாவி வாங்கித் தனியாக வந்தார். எனக்கு இது அடியோடு மறந்துபோயிருந்தது. அவருக்கும் அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. கடிதத்தின் நடுப்பத்தி முழுவதும் அதுவாகவே அமைந்தது.

ஆசிரியரிடம் கடிதத்தைத் தவிர வேறு என்ன ஆலோசனை கேட்கலாம்?

அவர் நேரடியாக அறிந்தவற்றைக் கேளுங்கள். நான் எந்தப் பகுதியில் வலுவாக இருந்தேன், எதில் தடுமாறினேன்? என் புராஜெக்ட்டை எஸ்.ஓ.பி.யில் எந்த அளவுக்குச் சொல்லலாம்? ஆய்வுக்குப் போகும் பொறுமை என்னிடம் இருப்பதாக நினைக்கிறீர்களா, அல்லது வேலைக்கு உதவும் எம்.எஸ். போதுமா? இந்தத் துறையில் உங்களிடம் படித்து வெளிநாடு போனவர்கள் யார், அவர்களிடம் என்னை அறிமுகப்படுத்த முடியுமா? இவற்றில் கடைசிக் கேள்வி பொன்னானது. நான்காண்டுகளுக்கு முன் அதே வகுப்பறையிலிருந்து போன ஒரு சீனியரிடம் பேசினால், வாடகை முதல் ஆய்வுக்கூட அரசியல் வரை எந்த ஆலோசனை நிறுவனத்திலும் கிடைக்காத தகவல்கள் கிடைக்கும்.

அவர் அறியாதவற்றையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியாவிலேயே பிஎச்.டி. முடித்த ஆசிரியருக்கு அமெரிக்க விசா நடைமுறையோ, எந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பதோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டதை இன்றைய நிலவரமாகச் சொல்லிவிடுவார்கள். எடுத்துக்காட்டாக, ஜி.ஆர்.ஈ. என்னும் தகுதித் தேர்வு இல்லாமல் எதுவும் நடக்காது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு பல துறைகள் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில துறைகள் அடியோடு கைவிட்டுவிட்டன. அப்படி ஏதேனும் சொன்னால் அங்கேயே மறுத்துப் பேச வேண்டாம். குறித்துக்கொண்டு வந்து, பல்கலைக்கழகத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

நம் கல்லூரிகளில் மிகப் பரவலாக உள்ள வழக்கம் இது. ஆசிரியர்களின் வேலைப் பளுவும் ஆங்கிலத்தில் சரளமாக எழுதுவதில் உள்ள தயக்கமும் இதற்குக் காரணங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் வழக்கம் தவறானது. அதனால் கெடுவதும் மாணவர்தான். மூன்று ஆசிரியர் பெயரில் வரும் மூன்று கடிதங்களையும் ஒருவரே எழுதினால், மூன்றிலும் ஒரே தொடர்கள், ஒரே வரிசை, ஒரே மிகைப்புகழ் தலைகாட்டும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கும் தேர்வுக் குழுவுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. மேலும், தன்னைப் பற்றித் தானே எழுதும் மாணவர் பட்டங்களை அடுக்குவார்; ‘ஏன் மறுவார்ப்பு?’ போன்ற ஒன்றை எழுத மாட்டார்.

மறுத்துவிட்டு வருவதும் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால் நடுவழி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ‘சார், உங்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று குறிப்புகளாகத் தருகிறேன்’ என்று சொல்லி, ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் செய்திகளை மட்டும் எழுதிக் கொடுங்கள். அவரிடம் எந்தப் பாடங்களை எந்தப் பருவத்தில் படித்தீர்கள், என்ன கிரேடு, புராஜெக்ட்டில் உங்கள் பங்கு எது, குழுவினரின் பங்கு எது, எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்பவை போதும். பாராட்டுச் சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். பாராட்டுவது அவர் வேலை. மூன்று ஆசிரியர்களுக்கும் ஒரே தாளைக் கொடுக்காமல், ஒவ்வொருவரும் நேரில் கண்டதை மட்டும் வைத்துத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்றும் உண்டு. ஆசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் இணைப்பைத் தாமே திறந்து கடிதத்தைப் பதிவேற்றிவிடும்படி சில ஆலோசனை நிறுவனங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருகின்றன. ஆசிரியரே ஒப்புக்கொண்டாலும் அது ஆள்மாறாட்டம்தான். தெரியவந்தால் கிடைத்த இடமும் பறிபோகும். படிப்பில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் அதே விளைவுதான்.

எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டும்படி கேட்கலாமா?

அமெரிக்க விண்ணப்பத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாணவர் தம் கல்வி ஆவணங்களைப் பார்க்க வழிசெய்யும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்னும் அமெரிக்கச் சட்டத்தையொட்டிக் கேட்கப்படுவது அது. விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதே நல்லது. மாணவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்தைத்தான் தேர்வுக் குழு நம்புகிறது. உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு, ‘சார், ஒருமுறை காட்டுங்களேன்’ என்று கேட்பது முறையல்ல. அவராகவே காட்டினால் தேதி, பாடப் பெயர் போன்ற பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டுங்கள்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடைமுறை வேறு. கல்லூரி முகவரித்தாளில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதத்தை மாணவரே ஸ்கேன் செய்து பதிவேற்ற வேண்டியிருக்கும். ஆகவே கடிதம் உங்கள் கைக்கு வருவது அங்கே இயல்பானதே. எந்தப் பல்கலைக்கழகம் எந்த வகை என்பதை உங்கள் அட்டவணையில் ஒரு தனிப் பத்தியாகக் குறித்துக் கொடுத்தால் ஆசிரியருக்குக் குழப்பம் வராது.

எனக்கு அரியர் இருந்தது. அதைப் பற்றிப் பேசலாமா?

பேசுங்கள். மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியப் போகிறது. அந்தப் பருவத்தில் வீட்டில் நடந்த ஏதோ ஒன்றோ உடல்நலக் குறைவோ காரணமாக இருந்து, அது ஆசிரியருக்கும் தெரிந்திருந்தால், அதைச் சொல்லத் தகுந்த இடம் அவருடைய கடிதம்தான். எஸ்.ஓ.பி.யில் நீங்கள் எழுதினால் சமாதானமாகத் தோன்றும். அவர் இரண்டு வரி எழுதினால் சாட்சியமாகும். காரணம் எதுவும் இல்லை, படிக்கவில்லை, அவ்வளவுதான் என்றால், கதை கட்ட வேண்டாம். அடுத்த பருவங்களில் கிரேடு எப்படி உயர்ந்தது என்பதைக் காட்டினால் போதும்.

அலுவல் மின்னஞ்சல்தான் வேண்டும் என்கிறார்கள். சார் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்.

கல்லூரி கொடுத்த முகவரி ஒன்று அவருக்கும் இருக்கும், கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். சந்திக்கும்போதே அதைச் சொல்லுங்கள். துறையில் கணினிப் பொறுப்பில் இருப்பவர் பத்து நிமிடத்தில் புதுப்பித்துக் கொடுத்துவிடுவார். நீங்கள் அங்கே இருக்கும்போதே ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பி, அது வந்து சேர்கிறதா, ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். நேரில் போவதன் சிறு பயன்களில் இதுவும் ஒன்று.

ஒரே ஆசிரியரிடம் எத்தனை பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் கேட்கலாம்?

ஆறிலிருந்து எட்டு வரை நியாயமானது. கடிதம் ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு தளத்திலும் தனியாக நுழைந்து, படிவத்தை நிரப்பி, பதிவேற்ற வேண்டும். இருபது இணைப்புகள் வந்து விழுந்தால் பத்தாவதற்கு மேல் யாருக்கும் கை ஓடாது. கூடுமானவரை எல்லா இணைப்புகளும் ஒரே வாரத்தில் அவருக்குப் போய்ச் சேரும்படி செய்தால் அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

அவர் தயங்குவதுபோல் தெரிந்தால்?

‘பார்க்கலாம்’, ‘எச்.ஓ.டி.யிடம் கேட்டுப் பாரேன்’, ‘இப்போது கொஞ்சம் வேலை’ என்பவற்றை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தி வாங்கும் கடிதத்தில் அந்தத் தயக்கம் வரிக்கு வரி தெரியும். ‘என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா சார்?’ என்று பணிவாகக் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. மறுக்க நினைப்பவருக்கு அந்தக் கேள்வியே ஒரு வழியைத் திறந்து வைக்கிறது.

ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், அல்லது ஓய்வு பெற்றுவிட்டார்.

தனியார் கல்லூரிகளில் இது அன்றாடம் நடப்பதுதான். துறை அலுவலக உதவியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லையென்றால், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும், ஆசிரியர்களின் விவரங்களைக் கொண்ட வித்வான் தளத்திலும் கூகுள் ஸ்காலரிலும் தேடினால் இப்போது பணிபுரியும் இடம் கிடைக்கலாம். இடம் மாறியவர் புதிய கல்லூரியின் முகவரித்தாளிலேயே எழுதலாம். உங்களுக்கு எங்கே, எந்த ஆண்டுகளில் பாடம் எடுத்தார் என்று முதல் பத்தியில் சொன்னால் போதும். ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் அதிகம் இருப்பதால் பொறுமையான, நீண்ட கடிதங்கள் அவர்களிடமிருந்தே வருகின்றன என்பது என் கணிப்பு.

இந்தியாவிலேயே மேற்படிப்பு என்றாலும் இப்படிப் போய்ப் பார்க்க வேண்டுமா?

ஐ.ஐ.டி.களின் எம்.டெக். சேர்க்கை பெரும்பாலும் கேட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. அதற்குக் கடிதம் தேவைப்படுவதில்லை. ஆனால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் ஆய்வு வழி எம்.எஸ்., பிஎச்.டி. சேர்க்கைக்கு நேர்காணல் உண்டு. அடிப்படைப் பாடங்களில் இரண்டு மூன்றைக் குடைந்து கேட்பார்கள். அந்தப் பாடத்தை உங்களுக்குக் கற்பித்தவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்து கரும்பலகையில் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை. கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும் என்பதால், இந்த ஆண்டு எழுதிவிட்டு அடுத்த ஆண்டு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் கொண்ட அலுவல்முறைப் பட்டியல்) வாங்கும் வேலையையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாமா?

முடித்துக்கொள்ளலாம், முதலில் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி அலுவலகச் சாளரங்கள் மதிய உணவுக்கு மூடினால் மீண்டும் திறக்கும் நேரம் யாருக்கும் தெரியாது. பயிற்றுமொழிச் சான்றிதழும் தேவைப்பட்டால் அதே விண்ணப்பத்தோடு கேளுங்கள். பிற்பகலை ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் முன் அமர்ந்துகொண்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடிகாரத்தைப் பார்ப்பவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

பரிசுப் பொருள் ஏதேனும் கொண்டு போகலாமா?

கடிதம் கேட்கப் போகும்போது வேண்டாம். அது கூலிபோல ஆகிவிடும். இடம் கிடைத்தபின் துறைக்கே ஒரு இனிப்புப் பெட்டி கொண்டு போனால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

நினைவூட்டுவது எப்படி? முடிவு வந்தபின் என்ன செய்வது?

கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு முறையும், ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முறையும் நினைவூட்டுங்கள். ‘சார், எட்டில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் வந்து சேர்ந்துவிட்டதாகத் தளம் காட்டுகிறது, மிக்க நன்றி, மீதி மூன்றின் பெயர்கள் இவை’ என்று குறிப்பாக எழுதினால் அது தொல்லையாகத் தோன்றாது. இரவு பதினொரு மணிக்கு வெறும் ‘சார்?’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் தொல்லை.

முடிவுகள் பிப்ரவரியிலிருந்து வரத் தொடங்கும். உதவித்தொகையோடு இடம் கொடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற பொது உடன்பாட்டில் இருக்கின்றன. இரண்டு மூன்று இடங்கள் கிடைத்து எதைத் தேர்வு செய்வது என்று குழம்பினால், அந்த இடைவெளியில் ஆசிரியரிடம் மீண்டும் பேசலாம். இப்போது பேசுவதற்குக் கையில் உறுதியான விவரங்கள் இருக்கும். எங்கும் கிடைக்கவில்லை என்றாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கடிதமும் உங்கள் குறிப்புகளும் அவர் கணினியில் இருக்கும். அடுத்த ஆகஸ்டில் நீங்கள் மறுபடி வரும்போது, இடைப்பட்ட ஓராண்டில் செய்தவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.